நலமென்று காட்டிய 1.08: காவடிக்குப் பின் ஆறாத ஒரு கால்புண்

பின்னணி

மொரிசியஸில் தைப்பூசம் கோடையின் நடுவில் வருகிறது. பத்து நாள் விரதம் இருந்தவர்கள் பூச்சுற்றிய காவடியையோ பால் சொம்பையோ ஏந்திக் கோயில்வரை வெறுங்காலுடன் நடக்கிறார்கள். நண்பகலில் தார்ச்சாலை கொதிக்கிறது. வழியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து சாலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். இதே தீவில் 25 முதல் 74 வயதுவரை உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அதனால் தைப்பூசம் கழிந்த வாரத்தில், நான் பணிபுரியும் பாதப்புண் பிரிவில் கூட்டம் சற்று அதிகமாகவே இருக்கும்.

இங்கே எழுதுவது அப்படி வந்த ஒருவரைப் பற்றி. அவரும் குடும்பத்தாரும் எழுத ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

வயது 67. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 22 ஆண்டுகளாக நீரிழிவு, 15 ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம். புகைத்ததில்லை. குறைமாதத்தில் பிறந்த பேத்தி பிழைத்தால் பால் சொம்பு எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்து நேர்த்திக்கடனை முடித்தார். நடக்கும்போது கால் சுடவே இல்லை என்று என்னிடம் மனநிறைவோடு சொன்னார். அந்த மனநிறைவை நான் கலைக்க விரும்பவில்லை. ஆனால் சூட்டை உணரும் நரம்புகள் அவருடைய பாதத்தில் எப்போதோ மடிந்துபோயிருந்தன. அதை அவர் அறியாமல் இருந்ததற்கு, அவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்த மருத்துவத் துறையினர் நாங்களே பொறுப்பு.

முதல் வருகை: 6ஆம் நாள்

வலக்காலின் பெருவிரலடியில் கொப்புளம் உடைந்து, இரண்டு செண்டிமீட்டர் அகலப் புண்ணாகியிருந்தது. விளிம்பில் வெள்ளைத் தோல், அடியில் மங்கிய இளஞ்சிவப்பு. சீழ் குறைவு, காய்ச்சல் இல்லை. நைலான் இழையால் தொட்டபோது இரண்டு பாதங்களிலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1 சதவீதம். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. மேற்பாதத்துத் தமனியை விரலால் தேடினேன். நாடித் துடிப்பு தெளிவாக இல்லை, ஆனால் கயிறுபோலக் கெட்டியாக ஏதோ ஒன்று விரலில் உருண்டது.

நாடி ஐயத்துக்கிடமாக இருந்ததால் கணுக்கால்-கை அழுத்த விகிதம் எடுத்தோம். கணுக்காலில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, டாப்ளர் கருவியில் இரத்த ஓட்டத்தின் ஒலி அடங்கி மீண்டும் எழும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் தமனி அடைபட்டிருக்கிறது என்று கொள்வோம். 1.40க்கு மேல் போனால் தமனி நசுங்க மறுக்கிறது என்று பொருள். இடைப்பட்டதெல்லாம் பொதுவாக ஆறுதல் தரும் எண்.

அவருக்குக் கையில் 156/62, கணுக்காலில் 168. விகிதம் 1.08.

அந்த எண்ணை நான் நம்பினேன். "இரத்த ஓட்டம் போதுமானது, நரம்புச் சிதைவால் வந்த புண்" என்று என் கையால் எழுதினேன். அந்த முடிவுக்கு ஏற்ற சிகிச்சையைக் குறையில்லாமல் செய்தோம். செத்த தோலை அகற்றினோம், பெருவிரலில் எடை விழாத காலணி கொடுத்தோம், கிருமிக்கு மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு, இன்சுலின் தொடக்கம்.

அன்று அவருடைய மனைவி ஒன்று சொன்னார்: "ஆறு மாதமாகக் கட்டிலோரத்தில் இந்தக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார், டாக்டர். தூக்கி மேலே வைத்தாலும் திரும்பத் தொங்கவிடுகிறார்." நான் அதைத் "தூக்கக் குறைபாடு" என்று பதிவேட்டில் எழுதினேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வலிக்கிற வரி அதுதான்.

20ஆம் நாள்: எக்ஸ்ரே

புண் சுருங்கவில்லை. எலும்புக்குக் கிருமி பரவியிருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் மாற்றம் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி.

பின்னாளில் அதே படத்தை எடுத்துப் பார்த்தேன். கணுக்காலிலிருந்து இறங்கி, முதல் இரண்டு விரல் எலும்புகளின் இடைவெளிவரை இரண்டு வெள்ளைக் கோடுகள் தண்டவாளம்போல இணையாக ஓடின. எக்ஸ்ரேயில் தெரியக்கூடாத தமனி, சுண்ணாம்பு படிந்து எலும்பைப்போல வெளுத்துத் தெரிந்தது. விரல்களுக்குள் அந்தக் கோடுகள் போகவில்லை. நாங்கள் எலும்பைத் தேடியதால் எலும்பை மட்டுமே பார்த்தோம்.

37ஆம் நாள்: செவிலியர் கண்டது

கட்டுக் கட்டிய செவிலியர், சிறுவயதில் பள்ளியில் அவரிடம் தமிழ் படித்தவர். "ஐயா" என்றுதான் அழைப்பார். அவரும் "மகளே" என்பார். மற்றவர்களுக்குப் பத்து நிமிடத்தில் முடியும் கட்டு, இவர்கள் இருவருக்கும் அரைமணி நேரம் நீளும். அந்த அரைமணி நேரம்தான் அந்தக் காலைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

பாதத்தைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் அது மெழுகுபோல வெளுத்துப்போவதையும், கட்டி முடித்து நாற்காலியில் உட்காரவைத்தால் சில நிமிடங்களில் கருஞ்சிவப்பாக மாறுவதையும் அவர் இரண்டு வாரமாகக் கவனித்துவந்திருக்கிறார். அன்று பெருவிரல் நுனியில் கடலையளவு கறுப்பு தெரிந்ததும் என்னைத் தேடி வந்தார். "டாக்டர், எண் சரியாக இருக்கலாம். ஐயாவின் கால் சரியாக இல்லை. ஒரு தடவை வந்து பாருங்கள்."

போய்ப் பார்த்தேன். டாப்ளரை மீண்டும் வைத்து, இம்முறை அழுத்தப்பட்டை இல்லாமல் ஒலியை மட்டும் கேட்டேன். நலமான தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று அசைவு கேட்கும்: பாய்ந்து வருவது, சற்றே பின்வாங்குவது, மெல்ல முன்னேறுவது. அவருடைய தமனியில் ஒரே மந்தமான இரைச்சல், தொலைவில் கேட்கும் காற்றுபோல. முதல் நாளே இந்த ஒலி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்று நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன், ஒலியைக் கேட்கவில்லை.

எங்கள் பிரிவில் கால்விரல் அழுத்தம் அளக்கும் கருவி அப்போது இல்லை. அதனால் கோல் சோதனை செய்தோம். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, டாப்ளரை மேற்பாதத்தில் பிடித்துக்கொண்டு, அளவுகோல் ஒன்றின் பக்கத்தில் காலை மெதுவாக உயர்த்த வேண்டும். இதயமட்டத்துக்கு மேலே எந்த உயரத்தில் ஒலி மறைகிறதோ, அத்தனை செண்டிமீட்டரை 0.77ஆல் பெருக்கினால் பாதத்துத் தமனியின் அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். இரத்தம் தன் எடையை எதிர்த்து எவ்வளவு உயரம் ஏற முடிகிறது என்பதே இந்த அளவு. சுவரை நசுக்க வேண்டியதில்லை, ஆகவே சுவர் குறுக்கிட முடியாது. நலமான காலில் 120 அழுத்தம் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும். கால் அவ்வளவு உயரம் போகாது, ஒலி மறையவே மறையாது.

அவருக்கு 36 செண்டிமீட்டரில் ஒலி மறைந்தது. 28 மி.மீ.

இடக்காலில் 78 செண்டிமீட்டர், அதாவது 60. புண்ணே இல்லாத அந்தக் காலும் நோயுற்றிருந்தது.

ஒரே காலில் 168, 28 என்ற இரண்டு எண்களும் எப்படி வந்தன?

தமனியின் சுவர் மூன்று உறைகளால் ஆனது. இரத்தம் தொடும் உள்ளுறையில் ஒற்றை வரிசை அகவணிக் கலங்கள். அவை வெறும் வழவழப்பான பூச்சு அல்ல. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தமனியைத் தளர்த்துகின்றன, இரத்தம் உறையாமல் காக்கின்றன. அகவணி இல்லாவிட்டால் தமனி தளராது என்பதை 1980இல் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அந்தத் தடத்தில் நடந்த ஆய்வுக்கு 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெளியுறை கொலாஜன் நாரால் ஆன முரட்டுப் போர்வை. நரம்புகளும், தடித்த சுவர்களுக்கு உணவு கொண்டுவரும் நுண்ணிய குழாய்களும் அதில் இருக்கின்றன.

இந்தக் கதை நடுவுறையில் நடந்தது. பெருந்தமனியின் நடுவுறையில் எலாஸ்டின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இதயம் துடிக்கும்போது அது விரிந்து இரத்தத்தின் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. இதயம் ஓயும்போது சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் நம் உறுப்புகள் பட்டினி கிடக்காமல் இருப்பது அதனால்தான். முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளின் நடுவுறை பெரும்பாலும் வளையம் வளையமான தசை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் என்பதைச் சுருங்கியும் தளர்ந்தும் தீர்மானிப்பது அந்தத் தசை.

நீண்டகால நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் அந்தத் தசைக்கலங்கள் தம் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. எலும்பை உண்டாக்கும் கலங்களைப்போல நடந்துகொண்டு, எலும்பில் உள்ள அதே கால்சிய உப்பை நடுவுறையில் படியவைக்கின்றன. இதை 1903இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மென்கெபெர்க்கின் பெயரால் இன்றும் அழைக்கிறோம். இந்தப் படிவு தானாகக் குழாயை அடைப்பதில்லை. குழாயை விறைப்பாக்குகிறது. அடைப்பு என்பது உள்ளுறையில் கொழுப்புப் படிந்து வருவது; அது வேறு நோய். இவருக்கு இரண்டும் சேர்ந்திருந்தன.

இதை அவருக்கு விளக்கும்போது நான் திணறினேன். அவர்தான் சொன்னார்: "பப்பாளி இலைக்காம்பும் குழல்தான், காவடிக்கு வளைக்கிற மூங்கிலும் குழல்தான். காம்பை விரலால் நசுக்கலாம். மூங்கிலுக்குள் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது நசுங்காதே." அதற்குமேல் நான் சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை. பட்டை அளந்தது இரத்தத்தின் அழுத்தத்தையும் சுவரின் விறைப்பையும் சேர்த்து. 168இல் இரத்தத்தின் பங்கு ஏறத்தாழ 28, மற்றதெல்லாம் சுண்ணாம்பு. அடைப்பு எண்ணைக் கீழே இழுக்க, விறைப்பு மேலே தள்ள, இரண்டும் சந்தித்த இடம் 1.08 என்ற நலமான எண். 1.60 என்று வந்திருந்தால் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன்.

பாதத்தின் வெதுவெதுப்பும் அப்படித்தான் ஏமாற்றியது. தமனிச் சுவரை ஆளும் தன்னியக்க நரம்புகள் அழியும்போது, தோலடியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் திறந்துகொள்கின்றன. தோலில் சூடு தெரியும். இரத்தம் திசுவுக்குள் போகாமலே திரும்பிவிடும்.

கட்டிலோரத்தில் தொங்கிய கால்? பாதம் இதயத்தைவிட 40 செண்டிமீட்டர் தாழ்ந்தால் இரத்தத்தின் எடையே ஏறத்தாழ 30 மி.மீ. அழுத்தத்தைச் சேர்க்கிறது. வலியை உணர முடியாத அந்த மனிதர், காரணம் தெரியாமலே, ஒவ்வோர் இரவும் தன் பாதத்துக்கு இருந்த அழுத்தத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தார். முதல் நாளே மனைவி அதைச் சொல்லிவிட்டார்.

கையில் எடுத்த 156/62 என்ற எண்ணிலும் செய்தி இருந்தது. மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் 94 இடைவெளி. பெருந்தமனி மீள்தன்மையை இழந்து, விரிந்து தாங்கவும் சுருங்கித் தள்ளவும் முடியாமல் போனதன் அடையாளம் அது.

முடிவுகளும் காரணங்களும்

39ஆம் நாள் பெரிய மருத்துவமனையில் விரல் அழுத்தம் அளந்தார்கள். கால்விரல் தமனிகள் பெரும்பாலும் சுண்ணாம்பு படியாமல் தப்பிவிடுவதால், அங்கே கட்டும் சிறிய பட்டை உண்மையைச் சொல்லும். 24 மி.மீ.; கையோடு விகிதம் 0.16. விகிதம் 0.70க்கு மேல் இருக்க வேண்டும். அழுத்தம் 30க்குக் கீழே இருந்தால் உடனே தமனிகளைப் படமெடுத்து, ஓட்டத்தை மீட்க வழி தேட வேண்டும்.

44ஆம் நாள் சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். தொடைத் தமனியில் சிறு குறுக்கங்கள் மட்டும். முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகளில் இரண்டு நீளமாக அடைபட்டிருந்தன. ஒன்று மட்டும் மெலிந்து ஓடியது. நீரிழிவில் அடிக்கடி காணும் கோலம் இது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவருடைய காலின் சிரையையே எடுத்து மாற்றுப்பாதை தைப்பது. சிரையின் நடுவுறை மெல்லியது. ஆனால் தமனியின் அழுத்தத்தில் வைத்தால் அது தடித்து, அந்த வேலைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். நெடுநாள் உழைக்கும் வழி. அறுவை மருத்துவர் இரண்டு காரணங்களால் தயங்கினார். நோயாளியின் இதயம் நீண்ட மயக்கத்தைத் தாங்குமா என்பது ஒன்று. தைக்க வேண்டிய தமனியின் சுவர் ஊசி இறங்காத அளவுக்குச் சுண்ணாம்பாகியிருந்தது மற்றொன்று. அதனால் அதே அமர்வில் பலூன் வைத்து, பாதத்தின் மேற்புறத்துக்கு வரும் தமனியைத் திறந்தார்கள். விறைத்த சுவர் எளிதில் விரியவில்லை. பலூனை மீண்டும் மீண்டும் நிதானமாக விரிக்க வேண்டியிருந்தது. திறந்த பாதை மறுபடி குறுகக்கூடும் என்பதை முன்பே குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தோம்.

தவறை அவரிடம் சொல்வதா என்ற கேள்வி எனக்குள் நீண்ட நேரம் இருக்கவில்லை. 37ஆம் நாள் மாலையே அவரையும் மனைவியையும் உட்காரவைத்து, முதல் எண்ணை நான் தவறாகப் புரிந்துகொண்டதையும், அதனால் ஒரு மாதம் போனதையும் சொன்னேன். மனைவி அழுதார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்றார்.

பின்விளைவு

பலூன் சிகிச்சைக்குப் பிறகு விரல் அழுத்தம் 52, விகிதம் 0.35. நலமான எண் அல்ல. ஆனால் புண் ஆறப் போதுமான எண். பெருவிரல் நுனியின் கறுப்பு மீளவில்லை. எல்லை தெளிவாகும்வரை காத்திருந்து, 61ஆம் நாள் விரலின் முதல் கணுவை மட்டும் எடுத்தார்கள். மற்ற விரல்களும் பாதமும் தப்பின. குருதித்தட்டுகள் ஒட்டாமலிருக்க மருந்தும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் தொடர்கின்றன. அவை உள்ளுறையின் நோய்க்குத் துணை செய்யும். படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் மருந்து ஏதும் நம்மிடம் இல்லை.

23ஆம் வாரம் புண் முழுவதும் மூடியது. காலைத் தொங்கப்போடும் பழக்கம் தானாக நின்றுவிட்டது என்று மனைவி சொன்னார். இம்முறை அதைச் சரியான தலைப்பின்கீழ் எழுதிக்கொண்டேன்.

பதினோராம் மாதம், அடுத்த தைப்பூசத்துக்குச் சற்று முன்பு வந்தபோது விரல் அழுத்தம் 48. கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் பாதுகாப்புக் காலணியோடு வாசல்வரை. உள்ளே நிழல் விழுந்த கல்தரையில் மட்டும், தடித்த காலுறையோடு என்றேன். அவ்வாண்டு பால் சொம்பை மகள் ஏந்தினார். அவர் பந்தலில் உட்கார்ந்து, நடந்து வந்தவர்களுக்கு வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவதை மேற்பார்வை பார்த்தார்.

இனி என்ன மாற்றுகிறோம்

பத்தாண்டுக்கு மேல் நீரிழிவு உள்ளவருக்குப் பாதப்புண் வந்தால், கணுக்கால் விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக்கொண்டு அடைப்பு இல்லை என்று எழுதுவதில்லை. குறைவாக இருந்தால் நம்புகிறோம். நலமென்று வந்தால் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறோம். டாப்ளரின் ஒலி ஒற்றையா மூன்றா என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுகிறோம். விரல் அழுத்தக் கருவி வேண்டும் என்று எழுதிக் கேட்டு, எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒன்று கிடைத்தது.

பாத எக்ஸ்ரே பார்க்கும் எவரும் எலும்பைப் பார்த்து முடித்தபின் எலும்புகளுக்கு இடையிலும் பார்க்க வேண்டும் என்பது இப்போது எங்கள் பிரிவின் நடைமுறை. இரவில் காலை எப்படி வைத்துத் தூங்குகிறார் என்ற கேள்வியை முதல் வருகைப் படிவத்தில் சேர்த்திருக்கிறோம். அதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, பக்கத்தில் தூங்குபவரிடமும் கேட்க வேண்டும். கட்டுக் கட்டும் செவிலியர் எந்த நிலையிலும் மருத்துவரின் முடிவை மறுபரிசீலனைக்கு அழைக்கலாம் என்று எழுத்தில் வைத்திருக்கிறோம். அவர் இரண்டு வாரம் தயங்கியதற்குக் காரணம், நான் பதிவேட்டில் அழுத்தமாக எழுதியிருந்த அந்த ஒரு வரி.

பத்து நாள் விரதம் தொடங்குவதற்கு முன்பு, டிசம்பரிலேயே, காவடி எடுக்க நேர்ந்துகொண்ட நீரிழிவுக்காரர்களின் பாதங்களைப் பார்க்கிறோம். நேர்த்திக்கடனை விடச் சொல்வதில்லை. உணர்வில்லாத பாதம் என்றால், அவருக்குப் பதிலாக ஏந்தக்கூடிய மகனையோ மகளையோ அவர்களாகவே யோசிக்கவைக்கிறோம். முதல் ஆண்டில் அதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு விடியற்காலையில் கிளம்பும் குழுவோடு போகச் சொன்னோம், மாலையே வந்து பாதத்தைக் காட்டும்படியும்.

கோல் சோதனைக்காக, மருத்துவமனைத் தச்சர் இழைத்துத் தந்த நீளமான பலகை ஒன்று பரிசோதனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. செண்டிமீட்டர் கோடுகளைச் செவிலியர் தம் கையால் வரைந்தார். 39ஆவது கோட்டை மட்டும் சிவப்பில் தீட்டியிருக்கிறார். அது 30 மி.மீ. அழுத்தத்துக்கான உயரம். அதற்குக் கீழே ஒலி மறைந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம்.